ரோஜா வாங்கும்போது அடியிலையைப் பாருங்கள்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், அடுத்த வாரமே மாதவரத்தில் என் நர்சரி வாசலில் யாராவது கேரி பேக்கோடு நிற்பார்கள். உள்ளே மஞ்சளாகிப் போன ரோஜா இலைகள். கடைசியாக வந்தவர் ஒரு வியாசர்பாடி அக்கா. "மருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன் தம்பி, இலை கொட்டிக்கிட்டே இருக்கு."

இலையின் மேல்பக்கம் கறுப்பு வட்டங்கள். ஓரம் சீராக இல்லை, துணியில் மை ஊறியது போலப் பிசிறு. சுற்றிலும் மஞ்சள். கரும்புள்ளி நோய்தான், டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சை. ஏழு மணி நேரம் இலை ஈரமாகவே இருந்தால் அதன் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். சாயங்காலம் ஹோஸைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுகிறவர்கள் அந்த ஈரத்தைத் தாங்களே கொடுக்கிறார்கள்.

அக்காவின் செடி மஞ்சள் ரோஜா. 1900-ல் பிரான்சின் பெர்னே-டூஷே வெளியிட்ட 'சொலேய் டோர்' வழியாகத்தான் ரோசா ஃபீட்டிடா என்ற காட்டு ரோஜாவின் அடர்மஞ்சள் தோட்ட ரோஜாக்களுக்கு வந்தது. கூடவே இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் குணமும் வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் பூவழகை மட்டும் பார்த்து, மருந்தடித்துக் காப்பாற்றியே கலப்பு செய்தால் எந்தக் கன்று நோஞ்சான் என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் தலைகீழாகச் செய்தார். நோய் இலைகளைக் காயவைத்துப் பொடித்துக் கன்றுகள்மேல் தூவி, தண்ணீரும் தெளித்தார். தாக்குப்பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டார். 2000-ல் சந்தைக்கு வந்த 'நாக் அவுட்' அப்படிக் கிடைத்ததுதான். ஆனால் இந்தப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஓர் ஊரில் ஜெயித்த செடி இன்னோர் ஊரில் தோற்கலாம். கொடைக்கானலில் வீரராகவன் கலப்புக்கு எடுத்துக்கொண்ட ரோசா கிளினோஃபில்லா, சூட்டையும் சேற்றையும் தாங்கும் நம் நாட்டுக் காட்டு ரோஜா. சென்னைக்கு அந்த வழிதான் சரி என்பது என் கட்சி. சுலபமில்லை: இந்தக் காட்டு ரோஜாவுக்கு 14 குரோமோசோம், தோட்ட ரோஜாவுக்குப் பெரும்பாலும் 28. இரண்டிலும் பாதி பாதி சேர்ந்து பிறக்கும் 21 குரோமோசோம் பிள்ளை விதை வைப்பதே அபூர்வம்.

அதுவரை மழைக்காலத்தில் நர்சரிக்குப் போய் அடியிலைகளைப் பாருங்கள், நோய் அங்கேதான் முதலில் ஏறும். மருந்தடித்த செடியா என்றும் கேளுங்கள். என்னிடமும்தான்.

அக்காவிடம் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தவும், காலையில் வேரில் மட்டும் ஊற்றவும் சொன்னேன். ராட்லர் பாணியில் நான் பொடி தூவிய கன்றுகளில் மூன்றுதான் இலையோடு நிற்கின்றன. அவற்றைக் காட்டினேன்.

"என்ன கலர்?"

"வெளிர் ரோஸ் அக்கா. பூ சுமார்தான்."

"மஞ்சள்ல வந்தா சொல்லு தம்பி."