ஒரு மட்டையாளரை எத்தனை முறை பார்த்தால் நம்பலாம்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அக்டோபர் கடைசிவாக்கில் முடிந்து மார்ச் கடைசியில் மறுபடி தொடங்கும். நடுவில் இருக்கும் ஐந்து மாதமும் 30 அணிகளும் ஆள் எடுப்பதும் விடுவதுமாகவே இருக்கும். ரசிகர்கள் வருடா வருடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன சீசனில் வெளுத்து வாங்கியவரை விட்டுவிட்டு, சுமாராக ஆடியவருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களே, இது என்ன கணக்கு?" அது உண்மையிலேயே ஒரு கணக்குதான். அழகான கணக்கும்கூட.

விதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு இறங்கும் 26 பேர் அதிலிருந்துதான் வரவேண்டும். 41-ஆவது ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் இருப்பவர்களில் ஒருவரை எடுத்தே ஆகவேண்டும். சீசன் நடக்கும்போது 60 நாள் காயப் பட்டியலில் இருப்பவர்கள் இந்த 40-க்குள் வருவதில்லை. சீசன் முடிந்ததும் அவர்களுக்கும் இடம் தேவை, அதனால் நவம்பர் தொடக்கத்திலேயே நெருக்கடி வந்துவிடும். மேஜர் லீக்கில் ஆறு வருடப் பணிக்காலம் முடித்தவர் (172 நாள் ஒரு வருடக் கணக்கு), ஒப்பந்தமும் முடிந்திருந்தால் எந்த அணிக்கும் போகலாம். டிசம்பரில், ஓர் அணி பட்டியலில் ஏற்றாமல் விட்ட ஆட்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் ரூல் 5 டிராஃப்ட் வரும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பின்னோ வந்தவரை நான்கு சீசனுக்குள்ளும் 40 பேர் பட்டியலில் ஏற்றாவிட்டால் வேறு அணி 1,00,000 டாலர் கட்டி அவரைக் கொண்டுபோகலாம். கொண்டுபோன அணி அடுத்த சீசன் முழுக்க அவரை 26 பேரில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் மற்ற அணிகள் எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பழைய அணிக்கே 50,000 டாலருக்குத் திருப்பித் தரவேண்டும்.

இத்தனை முடிவுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. இந்த ஆள் அடுத்த வருடம் எப்படி ஆடுவார்?

1954 நவம்பர் 22. அந்த சீசனில் 53 வெற்றி, 101 தோல்வி என்று கடைசியில் நின்ற பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ரூல் 5 டிராஃப்டில் முதல் வாய்ப்பு. அவர்கள் 4,000 டாலர் கொடுத்து, புரூக்ளின் டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியால் ராயல்ஸிலிருந்து 20 வயது புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் ஒருவரை எடுத்தார்கள். பெயர் ரொபர்ட்டோ கிளமென்டே. அந்த வருடம் அவர் 148 முறை மட்டை பிடித்து 38 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வது) அடித்திருந்தார். ஹிட்டை முறையால் வகுத்தால் வரும் சராசரி 0.257. யாரும் திரும்பிப் பார்க்கிற எண் இல்லை.

ஆனால் 148 முறை என்பது எவ்வளவு சொல்லும்? உண்மைத் திறமை 0.265 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஹிட் கிடைக்க 26.5 சதவீத வாய்ப்பு. நாணயம் சுண்டுவதற்குப் பள்ளியில் போட்ட அதே திட்டவிலக்கம்தான் இங்கேயும்: 0.265-ஐ 0.735-ஆல் பெருக்கி, முறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 148 முறைக்கு 0.036 வரும். அதாவது திறமையில் இம்மியும் மாறாமலே அவர் 0.229 முதல் 0.301 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் ஒரு தடவை அதற்கும் வெளியே போகலாம். முழு சீசன் ஆடி 500 முறை மட்டை பிடித்தால்கூட இந்த ஊசலாட்டம் 0.020 இருக்கும். 0.285 அடித்தவருக்கும் 0.265 அடித்தவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வரலாம். திறமையில் வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியானால் கண்ணால் பார்த்த எண்ணில் எவ்வளவு ஆளுடையது, எவ்வளவு அதிர்ஷ்டத்துடையது? இதைப் பிரித்துக் காட்டும் கணக்கின் மிகப் பிரபலமான உதாரணத்திலும் கிளமென்டேதான் இருக்கிறார்.

பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1970 சீசனில் 18 மட்டையாளர்கள் ஆடிய முதல் 45 முறைகளை மட்டும் கணக்குக்கு எடுத்தார்கள். கிளமென்டே 18 ஹிட், சராசரி 0.400, முதலிடம். கடைசியில் இருந்தவர் 7 ஹிட், 0.156. பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. மீதி சீசனில் ஒவ்வொருவரும் என்ன அடிப்பார்கள் என்று ஊகிக்க வேண்டும். சாதாரணமாக நாம் 0.400 அடித்தவருக்கு 0.400 என்றே எழுதுவோம்.

இங்கேதான் இந்தக் கணக்கின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். 45 முறையில் 0.265 திறமையுள்ளவர் சராசரியாக 12 ஹிட் அடிப்பார். அதில் மூன்று கூடலாம், மூன்று குறையலாம். சராசரிக் கணக்கில் அது 0.066 சிதறல். இப்போது பதினெட்டுப் பேரின் எண்கள் நிஜத்தில் எவ்வளவு சிதறியிருந்தன என்று பாருங்கள்: 0.070. எல்லோரும் ஒரே திறமை உள்ளவர்களாக இருந்திருந்தாலும், அதிர்ஷ்டம் மட்டுமே கிட்டத்தட்ட இதே படத்தை வரைந்திருக்கும்! 0.400-க்கும் 0.156-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பெரிய இடைவெளியில் பெரும்பகுதி அதிர்ஷ்டம் எழுப்பும் வெறும் இரைச்சல்.

எனவே ஒவ்வொருவரையும் பொதுச் சராசரியை நோக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதை இந்த இரண்டு சிதறல்களின் ஒப்பீடே சொல்லிவிடும். அவர்களுக்குக் கிடைத்த எண் 0.212. பொதுச் சராசரியிலிருந்து ஒருவர் விலகியிருக்கும் தூரத்தில் 21.2 சதவீதத்தை மட்டும் நம்பு என்று அர்த்தம். கிளமென்டே 0.135 மேலே இருந்தார், அதில் 0.029 மட்டும் மிஞ்சி, ஊகம் 0.294 ஆகிறது. 8 ஹிட்டோடு 0.178-இல் தடுமாறிய தர்மன் மன்சனுக்கு 0.247. மீதி சீசனில் மன்சன் 0.316 அடித்தார். பதினெட்டுப் பேருக்கும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால், பார்த்த எண்ணை அப்படியே நம்பியதில் 0.077, இழுத்துச் சுருக்கியதில் 0.022. மூன்றரை மடங்கு குறைவு.

இதற்கு அடித்தளம் போட்டவர் சார்லஸ் ஸ்டைன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஒன்றாக ஊகிக்கும்போது, தனித்தனியாக நம்புவதைவிட மொத்தப் பிழையைக் குறைக்கும் வழி எப்போதும் உண்டு என்று 1956-இல் காட்டினார். 1961-இல் வில்லார்ட் ஜேம்ஸும் அவரும் அதற்குச் சூத்திரமே கொடுத்தார்கள். பேஸ்பால் அவர்கள் மனத்தில் இல்லை. எந்தப் பயன்பாடும் மனத்தில் இல்லாத சுத்தக் கணிதம் அது. பின்னால் எஃப்ரானும் மோரிஸும் இதே முறையை எல் சால்வடோரின் 36 நகரங்களில் டாக்ஸோபிளாஸ்மோசிஸ் நோய்ப் பரவலைக் கணிக்கவும் பயன்படுத்தினார்கள். "இதனால் என்ன பிரயோசனம்?" என்ற ஒரே கேள்வியால் கணித ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டுகிறவர்கள், ஸ்டைனிடமும் 1956-இல் அதைக் கேட்டிருப்பார்கள்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. கிளமென்டே மீதி சீசனில் அடித்தது 0.346. சுருக்கிய ஊகம் 0.052 தள்ளிப்போயிருந்தது, சுருக்காதது 0.054. அவருக்கு மட்டும் இந்த வைத்தியத்தால் பெரிய பலன் இல்லை. காரணம் எளிது: 1970-க்குள் அவர் நான்கு முறை லீகின் சிறந்த மட்டையாளராக வந்துவிட்டார். அவரை எந்தக் கூட்டத்தின் சராசரிக்கு இழுக்கிறோம் என்பதில்தான் தவறு. அவரை அவருடைய பழைய சீசன்களை நோக்கித்தான் முதலில் இழுக்க வேண்டும்.

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ உருவாக்கிய 'மார்செல்' முறை அதைத்தான் செய்கிறது. கையாலேயே போட்டுவிடலாம். போன சீசனிலிருந்து பின்னோக்கி மூன்று சீசன்களுக்கு முறையே 5, 4, 3 என்று எடை. அதோடு லீக் சராசரியில் ஆடியதாக 1,200 வாய்ப்புகளை (மட்டை பிடிக்க இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய்ப்பு) சேர்க்க வேண்டும். 29 வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 0.3 சதவீதம் கழிக்க வேண்டும்; அதற்குக் கீழே என்றால் 0.6 சதவீதம் கூட்ட வேண்டும். ஒருவர் மூன்று சீசனிலும் 600 வாய்ப்பு ஆடி, அவுட் ஆகாமல் பேஸ் ஏறிய விகிதம் 0.330, 0.330, போன வருடம் 0.400 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்ட சராசரி 0.359. கூட்டிய எடை 7,200, அதோடு லீகின் 1,200. லீக் சராசரி 0.315 என்றால் விடை 0.353. வயது 33 என்றால் 0.349. ரசிகர் பார்ப்பது 0.400, அணி விலை பேசுவது 0.349-க்கு. போன வருடம் சறுக்கியவரை இதே கணக்கு மேலே தூக்கும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

பிரமாதமாக ஆடியவர் அடுத்த வருடம் இறங்கினால் திருஷ்டி பட்டுவிட்டது என்போம். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் படம் வந்தால் சாபம் என்பார்கள். அட்டைக்குப் போகிறவர் அதிர்ஷ்டமும் சேர்ந்து உச்சத்தில் நிற்கும் நேரத்தில்தான் போகிறார். அதிர்ஷ்டம் விலகினால் இறங்கத்தான் வேண்டும். எலுமிச்சம்பழம் எதையும் மாற்றாது.

எல்லா எண்ணும் ஒரே வேகத்தில் தெளிவதில்லை என்பதுதான் இன்றைய அணிகள் பிழைக்கும் இடம். பேட்டிங் சராசரி ஓரளவு நம்பத்தக்கதாக ஆகவே பேஸ்பால் ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்டனின் கணக்குப்படி சுமார் 910 முறை மட்டை பிடிக்க வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது) விகிதத்துக்கு 60 வாய்ப்பு போதும். பந்தெறியும் வேகம் சில பந்துகளிலேயே தெரிந்துவிடும். கிரிக்கெட்டில் டிஆர்எஸ்ஸுக்கு நாம் பார்க்கும் அதே ஹாக்-ஐ கேமராக்கள் 2020 முதல் மேஜர் லீக் மைதானங்களில் ஒவ்வொரு பந்தையும் அளக்கின்றன. யாரும் சீண்டாத ஒரு பிட்சரை டிசம்பரில் ஓர் அணி எடுத்தால், அவர் விட்டுக்கொடுத்த ரன்களைப் பார்த்து எடுத்திருக்க மாட்டார்கள். பந்தின் சுழற்சியைப் பார்த்திருப்பார்கள்.

1954-இல் கேமரா இல்லை. பைரேட்ஸுக்கு ஆள் பார்க்கப் போன கிளைட் சூக்ஃபோர்த் வேறொரு பந்துவீச்சாளரைப் பார்க்கத்தான் ரிச்மண்ட் மைதானத்துக்குப் போனார். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் கிளமென்டே வெளிக்களத்திலிருந்து பந்தை எறிவதைப் பார்த்தார். 0.257 என்ற எண் 148 முறைக்குப் பிறகும் எதுவும் சொல்லாமல் இருந்தது. எறிந்த கை சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டது. முதல் வருடம் பிட்ஸ்பர்கில் கிளமென்டே 0.255தான் அடித்தார், ஆனால் அந்தக் கை பொய் சொல்லவில்லை: 1961 முதல் 1972 வரை சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு கிளவ் விருது தொடர்ந்து 12.

பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் தொடங்கும். அங்கே ஒரு மட்டையாளருக்குக் கிடைப்பது ஐம்பது, அறுபது வாய்ப்பு. மார்ச்சில் யாராவது 0.400 அடித்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு, எத்தனை தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்று பாருங்கள்.