மக்காக் மாதிரி விலங்கு: சொல் விளக்கம்

சென்ற வாரம் என் தமிழ் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை நோட்டை நீட்டி, "மிஸ், இந்த வரி சரியா வந்திருக்கா?" என்று கேட்டாள். வரி இதுதான்: "மொரீஷியசிலிருந்து குரங்கு மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகின்றன."

இங்கே மொரீஷியசில் வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், வாரத்தில் சில மணி நேரம் தமிழ். அந்தப் பிள்ளை பிரெஞ்சுச் செய்தித்தாளில் படித்ததை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் சரி, வரிதான் தப்பு. "குரங்கு மாதிரி தாவாதே" என்று அம்மா அதட்டும்போது வருகிற அதே தொடர் இது. தமிழ்க் காதுக்கு அது குரங்கைப் போல என்றுதான் கேட்கும். அறிவியல் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர்: மனித நோயையும் மருந்தையும் ஆராய, மனிதனைப் போல என்று அங்கே எடுத்துக்கொள்ளப்படுவது குரங்கு. "மாதிரிகள்" என்று பன்மையாக்கினால் இன்னொரு குழப்பமும் சேரும். குப்பியில் அடைத்த இரத்த மாதிரி, சளி மாதிரி போல ஏதோ சாம்பிள் கப்பலேறுகிறது என்று படிப்பவர் நினைப்பார்.

இரண்டு சொற்களையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் முடிச்சு அவிழும்.

மக்காக் என்பது ஆப்பிரிக்கச் சொல். காங்கோ கடற்கரைப் பகுதியின் பாண்டு மொழிகளில் "காக்கு" என்றால் குரங்கு, "மா" பன்மை முன்னொட்டு. மாகாக்கு என்றால் குரங்குகள். போர்த்துகீசியர் அதைக் காதால் கேட்டு "மக்காக்கோ" ஆக்கினார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கி "மக்காக்" என்றார்கள். 1799இல் லாசெப்பேட் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதை இலத்தீனாக்கி "மக்காக்கா" என்று ஒரு பேரினத்துக்குப் பெயராக வைத்தார். இதில் வியப்பு என்னவென்றால், அந்தப் பேரினத்தின் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஆசியாவில் வாழ்பவை. அந்த ஒன்றும் காங்கோவில் இல்லை, வட ஆப்பிரிக்க மலைகளில் இருக்கிறது. காங்கோ மக்கள் மாகாக்கு என்று கூப்பிட்டது வேறு குரங்குகளை. சொல் ஓரிடத்திலிருந்தும் பொருள் இன்னோரிடத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதே சொல்லைக் காலனி ஆட்சிக் காலத்தில் காங்கோ மக்களின் மேலேயே வசைச் சொல்லாக எறிந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. பிரெஞ்சு பேசும் ஊரில் இருக்கிற நாம் அதை மனிதர்மேல் தவறியும் பயன்படுத்தக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் இந்தச் சொல்லைக் கற்பிக்கிறேன்.

நம் தீவில் தெருப்பேச்சில் மக்காக் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அது ஸாக்கோ. "ஸாக்கோ நபா கெத் சோ லாக்கே", குரங்கு தன் வாலைப் பார்ப்பதில்லை, என்று கிரியோலில் ஒரு பழமொழி உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சிலர் "மந்தி" என்று எழுதுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய மரபியல் "குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி" என்கிறது. குரங்கு, முசு, ஊகம் என்ற மூன்று வகையிலும் பெண்ணுக்கு மந்தி என்று பெயர். ஆண் குரங்கு கடுவன். ஆண் முசுவைக் கலை என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சிங்கவால் குரங்குக்குச் சோலைமந்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதை யாரும் இனி மாற்றப் போவதில்லை. அதுவும் ஒரு மக்காக்தான். தமிழ்நாட்டுக் கோயில்களில் தேங்காய் பறிக்கும் நாட்டுக்குரங்கும், வட இந்தியாவின் செம்முகக் குரங்கும் மக்காக்குகளே. நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, எல்லாம் தனித்தனிக் குரங்கின் பெயர்கள். இத்தனையையும் சேர்த்து ஒரு பேரினமாகக் குறிக்கும் பழைய சொல்தான் இல்லை. ஆகவே பேரினத்துக்கு "மக்காக் குரங்கு" என்று எழுதுவதே தெளிவு என்பது என் முடிவு. மொரீஷியசில் இருப்பதற்கு "நீளவால் மக்காக்" அல்லது நீளவால் குரங்கு.

இந்த நீளவால் குரங்குக்கு ஆய்வகத்தில் இன்னொரு பெயர் உண்டு, சைனோமோல்கஸ். கிரேக்கத்தில் அதற்கு "நாய்ப்பால் கறப்பவர்" என்று பொருள். எங்கோ இருந்ததாகப் பழைய கிரேக்கர் சொன்ன ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், எப்படியோ ஒரு குரங்கின் தலையில் வந்து விழுந்தது. நண்டு தின்னும் குரங்கு என்றும் சொல்வார்கள், தென்கிழக்கு ஆசியாவின் சதுப்புக் கரைகளில் அது நண்டு பிடிப்பதால். இங்கே நம் ஸாக்கோ கரும்பு தின்கிறது, மாம்பழம் தின்கிறது, அரிய பறவைகளின் கூட்டில் முட்டையும் தின்கிறது.

அது இந்தத் தீவுக்கு உரியது இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்களில் வந்தது. வந்திறங்கியவை கொஞ்சம்தான், இப்போதுள்ளவை எல்லாம் அவற்றின் வழித்தோன்றல்கள். அதனால் அவற்றின் மரபணு வேறுபாடு குறைவு. நோய் எதிர்ப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுத் தொகுதியில், பொதுவாகக் காணப்படும் வகைகள் ஏழுதான். தடுப்பூசி ஆய்வு, உறுப்பு மாற்று ஆய்வு செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரே மாதிரியான விலங்குகள் கிடைத்தால் மருந்தின் விளைவைப் பிரித்துப் பார்ப்பது எளிது. ஆசியக் குரங்குகள் பலவற்றிலும் இருக்கும், மனிதனுக்குத் தொற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய பி வைரஸ் இவற்றிடம் இல்லை என்பது இன்னொரு காரணம். செம்முகக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை இந்தியா 1978இல் நிறுத்தியது. 2020 தொடக்கத்தில் சீனா காட்டுயிர் வணிகத்தைத் தடுத்தது. ஒவ்வொரு முறை ஒரு கதவு மூடும்போதும் நீளவால் குரங்கின் பக்கம் பார்வை திரும்பியது. அண்மை ஆண்டுகளில் இந்தச் சின்னத் தீவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் போகின்றன. அதே இனத்தை, அதன் தாயகமான தென்கிழக்கு ஆசியாவில் எண்ணிக்கை சரிவதால், அழியும் ஆபத்தில் உள்ளது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அறிவித்தது.

இனி மாதிரி. அறிவியலில் வழங்கும் மாடல் என்ற சொல் இலத்தீன் "மோடுலஸ்" என்பதிலிருந்து வந்தது. சிறு அளவு என்று பொருள். இத்தாலிய மொழியில் மொடெல்லோ ஆகி, கட்டடம் கட்டுமுன் கொத்தனார் செய்து பார்க்கும் சின்ன உருவைக் குறித்து, பிரெஞ்சு வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அங்கே வேர் அளவு. நம் மாதிரியின் உயிரோ ஒப்புமை: "அவன் மாதிரி", "இந்த மாதிரி", "நேற்று மாதிரியே". இரண்டும் வெவ்வேறு தெருவில் நடந்து ஒரே வாசலுக்கு வந்தவை. நம்முடையது இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன். போல என்று சொல்லும்போதே அதுவே இல்லை என்பதும் சேர்ந்து கேட்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் போலியோவின் கதை போதும். 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னரும் பாப்பரும், இறந்துபோன ஒரு சிறுவனின் தண்டுவடத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தி, நோய் பரவக்கூடியது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் செம்முகக் குரங்கே போலியோவின் மாதிரி விலங்கானது. அதற்கு மூக்கு வழியாக எளிதில் நோய் தொற்றியது, வாய் வழியாகத் தொற்றவில்லை. மனிதனுக்கும் அப்படித்தான் என்று முப்பது ஆண்டுகள் நம்பினார்கள். 1937இல் கனடாவின் டொரான்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைப் பீய்ச்சினார்கள். நோய் தடுபடவில்லை, சில குழந்தைகளுக்கு மோப்ப உணர்வுதான் போனது. போலியோ வாய் வழியாகக் குடலுக்குள் நுழையும் நோய். வாய் வழியாகத் தொற்றக்கூடிய மக்காக் ஒன்று இருக்கத்தான் செய்தது, அது நம் நீளவால் குரங்கு. ஒரே பேரினம், பக்கத்து இனம், ஒன்று தப்பு வழி காட்டியது, மற்றது சரியான வழி காட்டியது. அப்புறம் 1955இல் வந்த சால்க் தடுப்பூசிக்கு வைரஸ் வளர்த்தது குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில். இந்தியாவிலிருந்து மட்டும் லட்சக்கணக்கான குரங்குகள் அந்தக் காலத்தில் போயின. என் வயதுக்காரர்கள் காலை ஊன்றி நடக்கிறோம் என்றால் அதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் நீளவால் குரங்கும் எப்போதும் சரியாகச் சொல்லிவிடாது. 2006 மார்ச்சில் லண்டனில் ஒரு புதிய மருந்தை ஆறு இளைஞர்களுக்கு முதன்முறையாக ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் உடம்பு கொதித்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. உயிர் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதம், மனிதனின் ஒருவகை நினைவு உயிரணுக்களில் இருந்தது, மக்காக்கின் அதே உயிரணுக்களில் இல்லை.

மக்காக்கும் மனிதனும் மரபணு வரிசையில் சுமார் 93 விழுக்காடு ஒத்திருக்கிறார்கள். கண்ணின் நடுவில் கூர்ந்து பார்க்க உதவும் மேக்குலா எலிக்குக் கிடையாது, மக்காக்குக்கு உண்டு. மாதவிடாய்ச் சுழற்சியும் ஏறக்குறைய நம் அளவே. மாதிரி என்ற சொல் தாங்குவது இந்த ஒற்றுமைகளை. மீதி ஏழு விழுக்காட்டில்தான் லண்டன் நடந்தது.

ஆகவே "முன்மாதிரி" என்று எழுதாதீர்கள். சில இதழ்களில் பார்க்கிறேன். முன்மாதிரி என்பது பின்பற்றத் தக்கவர், ஆசிரியர், தலைவர். குரங்கைப் பார்த்து யாரும் நடக்கப் போவதில்லை. "ஒப்பு விலங்கு" என்றும் ஒருவர் சொன்னார். ஒப்புக்குச் சப்பாணி நினைவுக்கு வந்து கெடுத்துவிடுகிறது. "சோதனைக் குரங்கு" பேச்சில் நன்றாக ஓடும். சோதனை, தூய்மையாக்குதல் என்ற பொருளுள்ள சோதனா என்ற வடசொல்லிலிருந்து வந்து, நம் வாயில் ஆய்வையும் துன்பத்தையும் சேர்த்தே குறிக்கிறது. "கடவுள் என்னைச் சோதிக்கிறார்" என்று சொல்கிறோம் இல்லையா? அந்த இரட்டைப் பொருள் குரங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் உண்மைதான். இருந்தாலும் கலைச்சொல்லாக "மாதிரி விலங்கு" என்பதே நிற்கும். நோயை முன்னால் வைத்துச் சொன்னால் குழப்பமே வராது: காசநோய்க்கான மாதிரி விலங்கு, கண்நோய்க்கான மாதிரி விலங்கு. விலங்குக்குப் பதில் கணினியோ சில்லின் மேல் வளர்த்த உயிரணுவோ வந்தாலும் கணினி மாதிரி, உயிரணு மாதிரி என்று சொல் கூடவே வரும். 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஒருவகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறது, அதனால் அந்தத் தேவை சீக்கிரமே வரும்.

விலங்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறுக்காக இருப்பது என்பது அதன் அடிப்பொருள். மனிதன் நிமிர்ந்து நிற்க, உடம்பு கிடையாகப் போவது விலங்கு. கோர் தெ கார்து மலையடிவாரத்து முருகன் கோயிலில் ஒரு நாள் பூசை முடிந்து படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய்க்குரங்கு மதில்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து எடுத்த வாழைப்பழத்தை நுனியில் கிள்ளித் தோல் உரித்தது. பாதியைக் கன்னப்பையில் ஒதுக்கிவிட்டு மீதியை வயிற்றில் தொங்கிய குட்டியிடம் விட்டது. அதன் விரல்களில் நகம் இருந்தது, நம்முடையதைப் போலவே தட்டையாக, ஓரத்தில் கொஞ்சம் அழுக்கோடு. மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன தொல்காப்பியம், அடுத்து "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்றும் சொல்கிறது. எந்த விலங்கு என்பதற்கு உரைகாரர்கள் காட்டும் பட்டியலில் கிளியும் யானையும் உண்டு, குரங்கும் உண்டு.

மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மக்காக்கும் மாதிரியும் மட்டும் விளக்கி, நீயே திருத்தி எழுது என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள்: "மனித நோய்களை ஆராய்வதற்கான மாதிரி விலங்குகளாக, மொரீஷியசிலிருந்து மக்காக் குரங்குகள் உயிரோடு வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகின்றன."

"உயிரோடு" நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவளாகச் சேர்த்தது.