குனிந்தால் வேகம்தான், ஆனால் எவ்வளவு குனிவது?

ஞாயிறு விடியற்காலையில் புத்ராஜெயாவின் அகலச் சாலைகளில் நின்றால், டைம் ட்ரையல் (தனித்தனியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம்) சைக்கிள்கள் சர்ரென்று கடந்து போவதைப் பார்க்கலாம். முன்கைகள் மெத்தைப் பட்டையில், விரல்கள் முன்னோக்கி நீண்ட ஏரோ பாரின் நுனியில், முதுகு கிட்டத்தட்டக் கிடைமட்டம். இப்படி ஓட்டும் ஒருவர் சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரைப் பிடிக்க ஏறக்குறைய 260 வாட் மிதிக்க வேண்டும். அதில் 220 வாட் காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. டயருக்கு 35, மிச்சம் சங்கிலிக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இரட்டை வேகத்தில் தள்ளவேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். அதே ஆள் அதே குனிவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுக்குக் கொடுப்பது வெறும் 54 வாட்தான். 40-இலிருந்து 44-க்கு ஏற ஆசைப்பட்டாலோ, காற்றுக்கு மட்டும் இன்னும் 70 வாட்டுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு கூடுதல் பலம் ஒரு வருடப் பயிற்சியில் கிடைத்தாலே பெரிய விஷயம். அதனால்தான் எல்லோருடைய கண்ணும் உடம்பு உட்காரும் விதத்தின் மேல் விழுகிறது.

காற்றுக்கு முன்னால் நாம் எவ்வளவு பெரியவர்கள் என்பதைச் சொல்ல ஒரே ஓர் எண் போதும். முன்பக்கப் பரப்பையும் வடிவத்துக்கான இழுவைக் கெழுவையும் பெருக்கினால் வரும் அந்த எண்ணைச் சைக்கிள்காரர்கள் சிடிஏ என்பார்கள். சதுர மீட்டரில் சொல்வது வழக்கம். மேலே போட்ட கணக்கில் அது 0.28. அதை 0.25 ஆக்கினால் 40 கிலோமீட்டர் வேகத்தில் 23 வாட் மிச்சம். பரப்பைக் குறைத்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. லோரி கடந்து போனதும் அதன் பின்னால் தூசியும் சருகும் சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, நம் முதுகுக்குப் பின்னாலும் அப்படி ஒரு சுழல் உண்டு. அங்கே அழுத்தம் குறைவதால் அது நம்மைப் பின்னோக்கி இழுக்கிறது. தலையைத் தோள்களுக்கு நடுவே ஒடுக்குவதும், கைகளைச் சற்று உயர்த்தி முகத்துக்கு முன்னிருக்கும் இடைவெளியை அடைப்பதும் பரப்பை அதிகம் மாற்றாமலே அந்தச் சுழலைச் சிறிதாக்கலாம். ஹேண்டிலை இறக்குவது ஒன்றுதான் வழி என்று நினைப்பவர்கள் கவனிக்காத இடம் இது.

இறக்குவதற்கு ஒரு விலையும் உண்டு. செந்தூல் பக்கம் ஒரு கடையில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் மாட்டிய சைக்கிளை ஓர் இளைஞர் மிதித்துக்கொண்டிருந்தார். “அண்ணே, இன்னும் ரெண்டு சென்டி இறக்கிடலாமா?” என்று கேட்டார். “முதல்ல உன் முட்டியைப் பாரு தம்பி” என்றார் கடைக்காரர். பெடல் உச்சிக்கு வரும்போதெல்லாம் முழங்கால் நேராக மேலேறாமல் வெளிப்பக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் இடிக்காமலிருக்க உடம்பு தானாகவே வழி தேடிக்கொள்கிறது. இடுப்பும் சீட்டின் நுனியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது.

தொடைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள கோணம் மிகக் குறுகிவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம். கோணம் குறுகினால் பின்புறத் தசையும் தொடையின் பின்தசையும் அளவுக்கு மீறி நீண்டுவிடும். எந்தத் தசைக்கும் நன்றாக வலுக்கொடுக்க ஒரு நீளம் உண்டு. அதைத் தாண்டினால் பிடி தளரும். வயிறு மடங்குவதால் மூச்சும் முழுதாக இறங்காது.

வழி இல்லாமல் இல்லை. சீட்டை முன்னும் மேலுமாக நகர்த்தி, உடம்பு முழுவதையும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சைச் சுற்றி முன்னால் சுழற்றினால், கோணம் மாறாமலே முதுகு தாழும். சாதாரண ரோடு சைக்கிளில் சீட் குழாய் 73 பாகை அளவில் சாய்ந்திருக்க, டைம் ட்ரையல் சைக்கிளில் உட்காரும் கோணம் 76-க்கு மேல் போவது இதனால்தான். சீட் நுனி கிராங்க் அச்சுக்கு 5 சென்டிமீட்டராவது பின்னால் இருக்க வேண்டும் என்று உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ நெடுங்காலமாகக் கறாராக இருந்தது; நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்துப் போட்டியிடும் டிரையத்லான்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொரு வழி குட்டைக் கிராங்க். 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165-க்கு மாறி சீட்டை 7.5 மில்லிமீட்டர் உயர்த்தினால், பெடல் உச்சியில் சீட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள இடைவெளி 15 மில்லிமீட்டர் கூடும். முட்டிக்கு அந்த இடம் தாராளம். கிராங்க் குட்டையானால் பலம் போய்விடும் என்ற பழைய பயத்தில் அதிகச் சாரமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒருவர் மேலே சொன்ன அமைப்பில் 250 வாட் தருகிறார், சிடிஏ 0.28. கொஞ்சம் இறங்கினால் 240 வாட், 0.25. இன்னும் இறங்கினால் 225 வாட், 0.24. சமதளத்தில் முதலாவது 39.4 கிலோமீட்டர் வேகம் தரும், இரண்டாவது 40.2, மூன்றாவது 39.8. பத்து வாட்டை விட்டுக்கொடுத்தவர் 40 கிலோமீட்டர் பந்தயத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் முந்துகிறார். அதற்கும் கீழே குனிந்தவர் அந்த லாபத்தில் ஏறக்குறைய பாதியைத் தொலைக்கிறார்.

கடைசி வரை அப்படியே இருக்க முடிகிறதா என்பதும் இதில் சேரும். 0.23 அமைப்பில் அறுபது சதவீத நேரம் ஓட்டி, கழுத்து வலித்து மீதி நேரம் 0.33-க்கு நிமிர்பவரின் சராசரி 0.27. முழு நேரமும் அலுங்காமல் 0.255-இல் இருப்பவர் அவரைத் தாண்டிவிடுவார்.

பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மேன் 1996-இல் கைகளை முழுக்க முன்னே நீட்டிய நிலையில் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓடினார். அந்த நிலை பின்னர் தடை செய்யப்பட்டது. அந்தத் தூரத்தை மிஞ்ச 2022 வரை ஆனது: இத்தாலியின் பிலிப்போ கன்னா, விதிக்குட்பட்ட அமைப்பில், 56.792. மலையேற்றத்தில் இந்தக் கதையெல்லாம் எடுபடாது. கெந்திங் போகும் வழியில் 8 சதவீத ஏற்றத்தை 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு 209 வாட், காற்றுக்கு ஆறே வாட். அங்கே தாராளமாக நிமிர்ந்து மூச்சு விடலாம்.

கோலாலம்பூரின் சூடு இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் விளையாடுகிறது. ஈரக் காற்று கனமானது என்றுதான் நினைப்போம். உண்மையில் நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. 15 பாகையில் உலர்ந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ, நம் ஊரின் 32 பாகைப் புழுக்கத்தில் 1.14 அளவுதான். ஏழு சதவீதம் இலவச லாபம்.

அதை உடம்பு திருப்பி வாங்கிக்கொள்கிறது. 250 வாட் மிதிக்கும் உடம்பு கூடவே சுமார் 800 வாட் வெப்பத்தையும் உண்டாக்கும். அதை வியர்வையால் மட்டும் வெளியேற்ற மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். ஈரக் காற்றில் பாதி வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும், சொட்டிய வியர்வை குளிர்விக்காது. உடம்பு சூடேறினால் வாட் தானே இறங்கும். துளையில்லாத நீண்ட வால் ஹெல்மெட் இருபது நிமிடப் பந்தயத்துக்குச் சரி. மதியம் வரை இழுக்கும் டிரையத்லானில் அதை மாட்டுவது வீம்பு என்பேன்.

ஐரோப்பிய வீரர்களின் படத்தைப் பார்த்து அளவெடுப்பதை விட, மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டரை வைத்துத் தானே சோதிப்பது மேல். நீலாயில் உள்ள உள்ளரங்க வெலோட்ரோம் (சைக்கிள் பந்தயத் தடம்) போன்ற இடம் கிடைத்தால் அருமை. இல்லாவிட்டால் காற்று எழும் முன் விடியற்காலையில், வண்டி நடமாட்டமில்லாத ஒரு சுற்றுப்பாதை போதும். அதே உடை, அதே டயர் அழுத்தம், அதே வாட். பிரேக் பிடிக்கக் கூடாது. முதல் அமைப்பில் சில சுற்று, இரண்டாவதில் சில சுற்று, அப்புறம் மறுபடி முதல் அமைப்பு. திரும்பி வந்தபோது முதல் வேகம் கிடைக்கவில்லை என்றால் நடுவில் காற்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைய எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு நாள் வர வேண்டியதுதான்.