சென்சார் சொன்னால் ஈசியூ நம்பும்

போன வருஷம் சைலன்சரைக் கழற்றி மாட்டியதிலிருந்து என் வண்டியின் மைலேஜ் இறங்கிவிட்டது. 35 கொடுத்துக்கொண்டிருந்தது 28-க்கு வந்து நின்றது. ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட் பட்டென்று வெடிச் சத்தம். பிளக்கைக் கழற்றினால் கரி. "இன்ஜெக்டர் போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். போனது இன்ஜெக்டர் இல்லை. புகை வெளியேறும் பெண்ட் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

புகை கசிந்தால் சத்தம் வரலாம், சரி. பெட்ரோல் ஏன் கூடுதலாகச் செலவாக வேண்டும்? அந்தப் பைப்பில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. 350 சிசி இன்ஜின் ஒரு தடவை முழு மூச்சு இழுத்தால் உள்ளே போகும் காற்று சுமார் 0.4 கிராம். 1 கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக, அந்த மூச்சுக்குப் பெட்ரோல் 27 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு. 4000 ஆர்பிஎம்மில் இன்ஜெக்டர் இந்தத் துளியை நொடிக்கு 33 தடவை அளந்து பீய்ச்ச வேண்டும். கொடைக்கானல் ஏறினால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் கணக்கு மாறும். கார்புரேட்டர் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு ஸ்க்ரூ, ஒரு ஜெட், மெக்கானிக்கின் காது. இப்போது வண்டியின் சின்னக் கணினியான ஈசியூ முதலில் ஒரு அளவை ஊகித்து ஊற்றுகிறது. ஊற்றியது சரியா என்று எரிந்த புகையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

புகையிடம் கேட்கும் வேலைக்குத்தான் சென்சார். உள்ளே விரலுறை மாதிரி ஒரு சின்னப் பீங்கான். பொருள் சிர்கோனியா, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் நிற்கும், உட்பக்கம் நாம் சுவாசிக்கும் காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளுக்கு மட்டும் வழிவிடும். ஆக்சிஜன் அதிகமுள்ள காற்றுப் பக்கத்திலிருந்து குறைவான புகைப் பக்கத்துக்கு அயனிகள் போகப் பார்க்கும். அந்தத் தள்ளுமுள்ளுதான் மின்னழுத்தம். பேட்டரி மாதிரியே.

அழகு எங்கே என்றால், பெட்ரோலும் காற்றும் சரியாகப் பொருந்தும் புள்ளியைத் தாண்டி பெட்ரோல் ஒரு துளி கூடியதும், பிளாட்டினத்தின் மேல் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் கோடி கோடி மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். அதனால் மின்னழுத்தம் மெதுவாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவும். காற்று மிகுந்த லீன் கலவையில் 0.1 வோல்ட், பெட்ரோல் மிகுந்த ரிச் கலவையில் 0.9 வோல்ட். போஷ் நிறுவனம் 1976-இல் வோல்வோ காருக்கு இதைக் கொடுத்தது. அடிப்படை இன்றும் அதேதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு நம்மூர்ச் சின்ன வண்டிகளுக்கும் வந்துவிட்டது.

ஈசியூ இதை வைத்து நடத்துவது ஓயாத இழுபறி. 0.1 வந்தால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டு, 0.9 வந்தால் குறை. ஓடும் வண்டியின் சென்சார் வயரில் மீட்டர் வைத்தால் முள் நிற்கவே நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடினால்தான் ஆரோக்கியம். சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க ஆக்சிஜன் இருக்கக்கூடாது. நடுப்புள்ளியில் ஆடினால் இரண்டும் நடக்கும். எப்போதும் கூட்டியே ஓட்ட வேண்டியிருந்தால் ஈசியூ அதை ஞாபகத்தில் எழுதிக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும்.

இப்போது என் கேஸ்கெட். ஒற்றை சிலிண்டர் வண்டியில் புகை சீராகப் போகாது; துடித்துத் துடித்துப் போகும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பைப்பில் அழுத்தம் குறையும். அப்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும். அது எரிந்து மிஞ்சியதா, சந்தில் நுழைந்ததா என்று தெரியாது. "லீன்" என்று சொல்லும். ஈசியூ நம்பி ஊற்றும். பிளக் தீப்பொறி விடாமல் போனாலும் இதே கூத்துதான்: எரியாத பெட்ரோல் வழிந்தோடும்போதே சென்சார் "இன்னும் ஊற்று" என்று கேட்கும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இதே குணம் கைகொடுக்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் இ20-க்குச் சரியான விகிதம் சுமார் 13.5. சென்சாருக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது, மிச்ச ஆக்சிஜன் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அதனால் ஈசியூ தன் திருத்த வரம்புக்குள் 8, 9 சதவீதம் கூட்டிக்கொள்ளும்.

சென்சார் சொன்னால் ஈசியூ நம்பும் என்றால், வேண்டுமென்றே வேறொன்றைச் சொல்ல வைக்கலாமே? பிஎம்டபிள்யூவின் ஆர்1100, ஆர்1150 பாக்ஸர் (இரண்டு சிலிண்டரும் எதிரெதிரே படுத்திருக்கும்) வண்டிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். ஒரே வேகத்தில் போகும்போது அந்த வண்டிகள் லேசாக இழுத்து விட்டு இழுத்து விட்டு ஓடும். காற்றிலும் ஆயிலிலும் குளிரும் பெரிய சிலிண்டருக்கு 14.7 கொஞ்சம் வறட்சி, 13.8 கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பழைய சென்சாரால் 13.8 எங்கே என்று காட்டுவது கஷ்டம், அதன் தாவல் 14.7-இல்தான். ஆகவே அதைக் கழற்றிவிட்டு, கலவையை எண்ணாகவே அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைத் திருகினார்கள். கூடவே ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கலவை 13.8-ஐத் தொடும்வரை அந்தப் பெட்டி ஈசியூவுக்கு 0.1 வோல்ட் அனுப்பும், தாண்டினால் 0.9. ஈசியூ பழையபடியே ஆடும், ஆனால் 6 சதவீதம் அதிகப் பெட்ரோலைச் சுற்றி. மென்பொருளில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. எனக்கு இந்தக் குறுக்குவழி ரொம்பப் பிடிக்கும்.

இலவசம் இல்லை. கலவை எப்போதும் ரிச்சாக இருந்தால் கன்வர்ட்டருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும். மைலேஜும் குறையும். முழு ஆக்சிலேட்டரில் கூடுதல் பலம் வரும் என்று எதிர்பார்த்தாலும் ஏமாற்றம்தான். அந்த நேரத்தில் ஈசியூ பொதுவாகச் சென்சாரைக் கேட்பதே இல்லை, தன் அட்டவணைப்படி ஊற்றும்.

எப்படியும் பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வண்டி ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரைக் கலக்கி பெண்ட் பைப் இணைப்பைச் சுற்றித் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். என் வண்டியில் அரை நிமிஷத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக வந்தது.