நடுத்தெருவில் கோபத்தோடு நிற்கும் ஒருவரை எதிர்கொள்வது எப்படி?

பெங்களூரில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் தூக்கமின்மை, படபடப்பு என்று வருபவர்களுள் சிலருக்கு, முன்பின் தெரியாத ஒருவரோடு சாலையில் ஏற்பட்ட வாய்த்தகராறுதான் தொல்லையின் தொடக்கமாக இருக்கிறது. ஒரு தமிழ் இளைஞர், ஓசூர் சாலையில் தம் காரின் கண்ணாடி ஓர் ஆட்டோவை உரசியதால் எழுந்த சண்டைக்குப் பிறகு, அந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காகவே ஊரைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போய்வந்தார். அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஓட்டுநர் கன்னடத்தில் கத்தியிருக்கிறார். இவர் ஆங்கிலத்தில் சாலை விதியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பிறகு அருகிலிருந்த மனைவியிடம் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். ஓட்டுநர் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது அதற்குப் பிறகுதான்.

கோபம் தலைக்கேறியவரின் உடலில் அட்ரினலின் பெருகி, இதயம் வேகமாக அடித்து, பார்வை குறுகி, நியாயத்தை எடைபோடும் திறன் அந்த நேரத்துக்குப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. யார் மீது தவறு என்று அவரிடம் அப்போது வாதாடினால் காதில் ஏறாது. இதற்கு மேல், சுற்றி நிற்கும் நாலு பேர் முன்னிலையில் அவர் பின்வாங்கினால் தோற்றவராகிவிடுவார். ஆகவே நாம் செய்யவேண்டியது, அவர் மானம் குறையாமல் அந்த இடத்தைவிட்டு நகர ஒரு வழியை ஏற்படுத்தித் தருவதுதான். தவறு முழுக்க அவருடையதாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

இந்த ஊர்த் தமிழர்கள் இதில் மொழியைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். காவிரிப் பிரச்சினை 1991-இலும் 2016-இலும் கலவரமாக வெடித்ததைப் பார்த்த குடும்பங்களில், வெளியிடத்தில் வாய் திறக்கவே தயங்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கன்னடம் வராது என்று ஆங்கிலத்துக்குத் தாவுவதுதான் பெரும்பாலும் நிலைமையைக் கெடுக்கிறது. கத்துகிறவருக்கு அது அதிகாரத் தோரணையாகத் தோன்றுகிறது. அவர் எதிரிலேயே நாம் தமிழில் பேசிக்கொண்டால், தம்மைத்தான் திட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்வார். உடைந்த கன்னடம் போதும். "பெட்டாய்த்தா அண்ணா?" என்று, அடி பட்டதா என முதலில் கேளுங்கள். இழப்பீடு கொடுக்க நேருமோ என்று மன்னிப்புக் கேட்கப் பயப்படுகிறவர்கள்கூட இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் இதை இயல்பாகவே செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்காகப் புதிதாக வந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

பேச்சைவிட உடல் முந்திக்கொள்ளும். இரண்டு கை நீளத் தொலைவில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில், உள்ளங்கைகள் தெரியும்படி நில்லுங்கள். குரலை அவர் குரலுக்குக் கீழே வையுங்கள். "கோபப்படாதீங்க" என்று சொல்வது எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் படம்பிடிப்பதும் அப்படியே. பதிவு தேவையென்றால் காரின் முன்கண்ணாடியில் கேமரா பொருத்திக்கொள்ளலாம். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இங்கே அடிக்கடி நேர்வது, எதிராளி சட்டென்று கை நீட்டிச் சாவியை உருவிக்கொள்வது. அந்தக் கையைப் பிடிக்கவோ சாவியைப் பறிக்கவோ முயலாதீர்கள். தகராறு கைகலப்பாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓரமாக நின்று, கூட்டத்தில் வயதான ஒருவரைப் பார்த்து, சாவியை வாங்கித் தரும்படி கேளுங்கள். பெரியவர் சொன்னதற்காகக் கொடுத்தேன் என்று அவரும் மரியாதையோடு விலகிக்கொள்ள முடியும். பின்னால் அமர்ந்திருப்பவர் தம் பங்குக்குச் சண்டையில் இறங்காமலிருப்பதும் பேருதவி.

எல்லாரையும் பேசித் தணித்துவிட முடியாது. கத்திக்கொண்டிருந்தவர் திடீரென மௌனமாகி, பற்களைக் கடித்து, கை முஷ்டி இறுகி, உங்கள் முகத்தைவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கினால், அல்லது குடித்திருந்தால், பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். காரில் இருந்தால் இறங்கவே வேண்டாம். கதவுகளைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு 112-ஐ அழையுங்கள். பெங்களூர்க் காவல்துறையின் ஹொய்சளா ரோந்து வாகனத்தை அனுப்புவார்கள். பின்தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் போகாமல், காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ வண்டியை விடுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிமறித்தல் பிரிவு 126-இலும், சண்டையைத் தூண்டும் நோக்கிலான அவமதிப்பு பிரிவு 352-இலும் குற்றங்களாக உள்ளன. புகார் எழுதும்போது இவை பயன்படும். தெருவில் நின்று சட்டப்பிரிவைச் சொல்லி மிரட்டாதீர்கள்.

தகராறு முடிந்ததும் உடனே வண்டியை எடுக்கவேண்டாம். ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்து, கை நடுக்கம் நிற்கும்வரை இருங்கள். சில வாரங்கள் கழித்தும் அந்தச் சாலையை நினைத்தாலே நெஞ்சு படபடத்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பின் இருக்கையில் குழந்தை இருந்திருந்தால், அன்றிரவே அதனிடம் என்ன நடந்தது, அப்பா ஏன் பதில் பேசாமல் வந்தார் என்பதைச் சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்டால், அது எத்தனை முறையானாலும், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.