ஐந்நூறு குதிரைத்திறனுக்கும் அதே லைசென்ஸ்தானா?

விபத்தில் சிக்கிய கார்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். ஒவ்வொரு க்ளெய்ம் கோப்பிலும் ஓட்டியவரின் லைசென்ஸ் நகல் இருக்கும். விபத்து நடந்த அன்று அது செல்லுபடியாகியிருந்ததா, அதில் எல்.எம்.வி. என்ற இலகு ரக வாகன வகுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஒரு டிக். ஒர்க்‌ஷாப்பில் நசுங்கி நிற்பது ஆல்டோவா, லம்போர்கினி ஹுராகனா என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்த விஷயத்தில் எடையை மட்டும் பார்க்கிறது. 7,500 கிலோவுக்குள் அடங்கினால் இலகு ரக வாகனம், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை குதிரைத்திறன் இருக்கிறது, எத்தனை வினாடியில் நூறைத் தொடும் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் அதே சட்டத்தின் கீழ் வந்த 1989 மத்திய விதிகளில் 9-ம் விதியைப் புரட்டிப் பாருங்கள். பெட்ரோல் டேங்கர் போன்ற ஆபத்தான சரக்கு வண்டிகளை ஓட்டுகிறவர் தனியாகப் பயிற்சி முடித்து, லைசென்ஸிலும் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆக, சில வண்டிகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை நம் சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. காருக்கு அது தோன்றாததிலும் வியப்பில்லை. அன்று தெருவில் ஓடிய மாருதி 800-ன் சக்தி நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாது.

சக்தி கூடினால் என்ன ஆகிறது என்பதை வேகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நான் பார்க்கிற சேதங்களில் பல, வேகமாகப் போனபோது நடந்தவையே அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நடந்தவை. ஓட்டியவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "பிரேக்தான் சார் பிடிச்சேன், வண்டி தானா பாய்ஞ்சிடுச்சு." அவர் பொய் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்ததாகவே அவர் மனம் நம்புகிறது. ஒருமுறை இப்படிச் சொன்னவர் விடாப்பிடியாக நின்றார். கம்பெனிப் பொறியாளர் வந்து காரின் கணினிப் பதிவை எடுத்துக் காட்டினார். மோதலுக்கு முந்தைய கணங்களில் ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிக்கப்பட்டிருந்தது, பிரேக் தொடப்படவே இல்லை.

இருபது வருடம் கியர் வண்டி ஓட்டியவருக்கு இந்தத் தவறு அடிக்கடி நடந்திருக்கும், தெரிந்திருக்காது. பார்க்கிங்கில் இடது கால் கிளட்சிலேயே இருக்கும். வலது கால் தவறினாலும் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காவல் போய்விட்டது. சிறிய ஆட்டோமேட்டிக் என்றால் பம்பர் நசுங்குவதோடு போகும். மின்சாரக் காரில் நிலைமை வேறு. பெட்ரோல் எஞ்சின் முழு இழுவையைத் தர அதன் சுழற்சி ஓரளவு ஏற வேண்டும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் தந்துவிடும். முந்நூறு குதிரைத்திறன் மின்சாரக் காரில் அதே தவறு நடந்தால் சுவர் இடிகிறது, தூணுக்கும் காருக்கும் நடுவே வாட்ச்மேன் நின்றிருந்தால் அவர் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாலைக்கு வந்தால் இன்னொரு சிக்கல், இதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ஓ.எம்.ஆரில் யு-டர்ன் எடுக்கும் ஆட்டோக்காரரும் குறுக்கே கடக்கும் பெரியவரும் தூரத்தில் வரும் காரைப் பார்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். சிக்னலிலிருந்து கிளம்பும் ஒரு கார் தங்களிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. ஸ்விஃப்டையும் டிசையரையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. சாதாரணக் குடும்பக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு மேல் எடுக்கும். பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ் என்ற மின்சாரக் கார் 3.8 வினாடியில் தொட்டுவிடும். கடப்பவர் போட்ட கணக்கு சரி, வந்த வண்டிதான் அந்தக் கணக்கில் இல்லாத வண்டி. ஓட்டுபவருக்கும் இது புரியாது, ஏனென்றால் நல்ல கார் சத்தமும் அதிர்வும் இல்லாமல் வேகம் பிடிக்கிறது. மணிக்கு 60-ல் போகும்போது ஒரு வினாடி தாமதித்தால் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும், 100-ல் 28 மீட்டர். அதன்பின் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம், 60-ல் ஆவதைப்போல கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பிரேக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது.

மழைக்காலத்தில் வரும் க்ளெய்ம்கள் தனி ரகம். விலை உயர்ந்த கார்களின் டயர் அகலமானது. காய்ந்த சாலையில் அது வரம். தேங்கிய நீரில், பட்டைகள் தேய்ந்திருந்தால், நீரை ஒதுக்கித் தள்ள முடியாமல் டயர் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கிவிடும். சட்டப்படி பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், மழைக்கு அது போதவே போதாது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே வரும் கார்களில் பட்டை தேயாமலேயே ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. கோடிக்கணக்கில் காருக்குக் கொடுத்தவர்களில் அந்த நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் அபூர்வம்.

இந்த இடத்தில் என்னிடம் பலர் கேட்பார்கள்: ஊரில் ஓடும் நாலு பணக்காரக் காருக்காக ஒரு சட்டமா? 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கு மத்திய அமைச்சகம் காட்டும் காரணம் அதிவேகம். அந்த வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபெராரி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நாலு கார்' என்பது பழைய கதை. செங்கல்பட்டு பக்கத்தில் மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான பி.இ.6 மின்சாரக் காரின் உயர் ரகம் 210 கிலோவாட், அதாவது 286 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). மாதத் தவணை கட்டி வாங்குகிற குடும்பக் கார் அது. மாருதி 800 காலத்து ஆள் ஏழு மடங்கு சக்தியுள்ள வண்டியில் உட்காருகிறார், கையில் அன்று எடுத்த அதே லைசென்ஸ்.

இதற்கு மேல் 'ரீமேப்' கூத்து வேறு. டர்போ எஞ்சினின் மென்பொருளை மாற்றி 'ஸ்டேஜ் 1' என்று சக்தியைக் கூட்டித் தருகிறார்கள். கூடுவது சக்தி மட்டும்தான். பிரேக் பழையது, டயர் பழையது, ஆர்.சி. புத்தகத்திலும் பழைய விவரம். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரத்தை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52-ம் பிரிவு. சொல்லாமல் செய்த மாற்றம் சர்வேயில் தெரியவந்தால் க்ளெய்ம் சிக்கலாகும். அப்போது என்னைத் திட்டிப் பயனில்லை.

வெளிநாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2019-ல் ஒரு லம்போர்கினி நடைபாதையில் ஏறி 15 வயதுப் பெண்ணைக் கொன்றது. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டு ஓட்டியவர் மேல் நிற்கவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 1 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அதிசக்தி கார்களுக்கு 'யு' என்ற தனி லைசென்ஸ் வகுப்பு வந்தது. காரின் எடையில் டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தி இருந்தால், இணையவழிப் பாடம் முடித்து அந்த வகுப்பைப் பெற வேண்டும். வண்டி வழுக்காமல் காக்கும் இ.எஸ்.சி. போன்ற அமைப்புகளைத் தகுந்த காரணமின்றி அணைப்பதும் அங்கே குற்றம்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த எல்லைக்கோட்டை இங்கே வைத்துப் பார்த்தால் கை உதறுகிறது. 2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் இரண்டு ஐ.டி. இளைஞர்கள் உயிரிழந்த விபத்தில் சிக்கியது போர்ஷே டைகான். 2024 புதுப்பிப்புக்கு முந்தைய டைகானில் மிக வலுவான டர்போ எஸ்ஸின் உச்ச சக்தி 560 கிலோவாட், எடை கிட்டத்தட்ட 2.3 டன். வகுத்தால் 243-244 வருகிறது. 276-ஐத் தொடவில்லை! மின்சாரக் கார் பேட்டரியால் கனத்துப்போவதால் இந்தக் கணக்கில் தப்பிவிடுகிறது. கனமான வண்டி மோதினால் எதிரில் இருப்பவருக்குச் சேதம் அதிகம் என்பதுதான் என் தொழிலில் தினமும் பார்ப்பது.

எனக்குப் பிடித்தது இத்தாலியின் வழி. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட்டைத் தாண்டிய காரையோ, மொத்தம் 105 கிலோவாட்டைத் தாண்டிய காரையோ ஓட்டக் கூடாது. இரண்டு வேலிகள் இருப்பதால் எடையைக் காட்டித் தப்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் புதியவர்களுக்கு டன்னுக்கு 130 கிலோவாட் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது.

சரி, பயிற்சி? இங்கேதான் பொதுவான எண்ணத்தோடு நான் மாறுபடுகிறேன். 'சிறப்புப் பயிற்சி' என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு ரேஸ் டிராக், வழுக்கும் தளம், காரைச் சுழலவிட்டு மீட்கும் வித்தை. நார்வே 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது இளம் ஆண்களிடம் வழுக்கும் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. சுவீடனில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழுவுக்குத் திறமை கற்றுக்கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு உன் திறமைக்கு எல்லை உண்டு என்று புரியவைத்தார்கள். சோதித்தபோது இரு குழுவின் திறமையிலும் வித்தியாசமில்லை; முதல் குழு மட்டும் தங்களை உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டது. அரை நாளில் கற்ற வித்தை நாளடைவில் கைவிட்டுப் போகிறது, 'எனக்கு வரும்' என்ற நினைப்பு மட்டும் தங்கிவிடுகிறது.

ஆகவே எனக்கு வேண்டியது காரை அடக்கக் கற்றுத்தரும் பள்ளி அல்ல, ஓட்டுகிறவர் தோற்பதைக் கண்ணால் பார்க்கவைக்கும் ஒரு நாள். அறுபதில் வந்து பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்று அவரையே முதலில் கோன் வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு எண்பதில். கோன் எங்கே, கார் எங்கே என்று அவரே இறங்கி நடந்து பார்க்கட்டும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலை உதைக்கும், கரகரவென்று சத்தம் வரும். அதை முதன்முதலாக நெருக்கடியில் உணர்பவர் பயந்து காலை எடுத்துவிடுகிறார். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பது ஒருமுறை செய்து பழகினால் வந்துவிடும். ஸ்போர்ட் மோடில் இ.எஸ்.சி. எவ்வளவு தளர்கிறது என்பது தெரிய வேண்டும். இதற்கு ரேஸ் வீரர் தேவையில்லை, காலியான மைதானமும் பொறுமையான ஒரு பயிற்சியாளரும் போதும்.

புனே வழக்கை இந்தப் பயிற்சி தடுத்திருக்குமா? தடுத்திருக்காது. அங்கே ஓட்டியதாக வழக்குத் தொடுக்கப்பட்டவர் 17 வயதுச் சிறுவன், கார் லைசென்ஸே எடுக்க முடியாத வயது. அங்கே கேள்வி சாவி யார் கையில் என்பதுதான். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதம் ரத்து என்கிறது. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. நம் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பவர்கள் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

சட்டம் வரும்வரை இன்சூரன்ஸ் துறை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியத்தில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு ஒரே கட்டணம், 7,897 ரூபாய். இன்னோவாவுக்கும் அதுதான், 5.2 லிட்டர் ஹுராகனுக்கும் அதுதான். மின்சாரக் காரில் 65 கிலோவாட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் 6,712. இந்தப் படிநிலையை மேலே இன்னும் இரண்டு கட்டம் நீட்டுவதில் என்ன கஷ்டம்? சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கம்பெனிகளுக்குச் சுதந்திரம் உண்டு. எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்துக் கட்டணம் வைக்கும் திட்டங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையிலேயே வழிவிட்டது. பயிற்சி முடித்தவருக்குத் தள்ளுபடி தரவும் கம்பெனிகள் முன்வரலாம். புதுப்பிக்கும்போது நீங்களும் ஏஜென்டிடம் கேளுங்கள்.

புதுக் காரை டெலிவரி எடுக்கும் அன்று ஷோரூம் பையன் உங்களுக்கு சன்ரூஃபையும் அறுபது நிற விளக்கையும் காட்டுவார். தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் ஏற்றி முடித்ததும், அவரை இன்னும் அரை மணி நேரம் பிடித்து வையுங்கள். இ.எஸ்.சி. பட்டன் எது, அது அணைந்தால் டேஷ்போர்டில் எந்த விளக்கு எரியும் என்று கேளுங்கள். எந்த மோடில் ஆக்ஸிலரேட்டர் மிக மென்மையாக இருக்கும் என்று கேட்டு, முதல் சில மாதங்களுக்கு அதிலேயே வைத்திருங்கள். பல கார்களில், பிறர் ஓட்டும்போது காரின் திறனுக்குக் கட்டுப்பாடு போடும் வேலே மோடும், ஆப்பிலிருந்து வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு. டிரைவரிடமோ கல்லூரி போகும் பிள்ளையிடமோ சாவி போவதற்கு முன்பே, ஷோரூமிலேயே நின்று அதன் பாஸ்வேர்டைப் போட்டுவிடுங்கள்.