‘நோ சச் டிவைஸ்’: எந்த டிவைஸ்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டிருக்கேன். நேத்து வரைக்கும் ஷேர்டு ஃபோல்டர் நல்லா ஓடிச்சு. இன்னைக்கு மவுண்ட் ஆக மாட்டேங்கு. ‘நோ சச் டிவைஸ்’னு வருது. டிஸ்க் போயிட்டோ?”

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்; ஷேர்டு ஃபோல்டர் அந்த இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டர். டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. ஆளைத் திசைதிருப்புவது அந்தச் செய்திதான்.

மவுண்ட் என்பது ஒரு ஃபோல்டரின் மேல் வேறிடத்துக் கோப்புகளைக் கொண்டுவந்து பொருத்துவது. அதற்குள் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அழியாது. குளம் பெருகியதும் கோடையில் நடந்த ஒற்றையடிப் பாதை மூழ்கிக் கிடப்பதுபோல மறைந்திருக்கும்.

சரி, பொருத்தச் சொன்னதும் கெர்னல், அதாவது உபுண்டுவின் அடியில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதி, என்ன செய்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நாம் அதனிடம் கொடுப்பது ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ என்ற, ஷேர்டு ஃபோல்டருக்கான கோப்பு முறைமையின் பெயரை மட்டும்தான். கெர்னலுக்குள் ஒரு சங்கிலிப் பட்டியல் உண்டு. லினக்ஸ் டிஸ்க்குகளில் இருக்கும் எக்ஸ்ட்4 போன்ற ஒவ்வொரு கோப்பு முறைமையும் (கோப்புகளை வைத்தெடுக்கும் ஏற்பாடு) உள்ளே வரும்போது தன் பெயரை அதில் பதிந்துகொள்ளும். நெல்லை டவுனில் பெயரை மட்டும் வைத்து வீடு தேடுகிறவர் வாசல் வாசலாகக் கேட்டுப் போவதுபோல, கெர்னலும் ஒவ்வொரு கண்ணியாக ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. கடைசிவரை இல்லையென்றாலும் உடனே கைவிரிப்பதில்லை. பெயருக்கு முன்னால் ‘எஃப்எஸ்-’ என்று ஒட்டி, “இப்படி ஒரு மாட்யூல் இருக்கிறதா?” என்று, மாட்யூல்களை ஏற்றும் நிரலான மோட்ப்ரோபை அனுப்பிக் கேட்கிறது. மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் துண்டு. மாட்யூல் வந்து பெயரைப் பதிந்ததா என்று மறுபடி பட்டியலைப் பார்க்கிறது. அப்போதும் இல்லையென்றால்தான் பிழை எண் 19. சாதனம் இல்லாதபோது வரும் அதே எண் இதற்கும் வருவதால், நம் திரையில் ‘டிவைஸ்’ என்று விழுகிறது. உண்மையில் கெர்னல் சொல்வது, “இந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது” என்பதுதான்.

நேற்றுத் தெரிந்தவரை இன்று தெரியாமல் போனது எப்படி? பெரும்பாலும் இடையில் ஓர் அப்டேட் வந்து கெர்னலை மாற்றியிருக்கும். மாட்யூல்கள் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். பழையதற்குக் கட்டியதைப் புதியது பொதுவாக ஏற்காது. உபுண்டுவுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் தன் மாட்யூலைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு அந்தப் பதிப்பின் ஹெடர் கோப்புகள் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் விவரங்கள் உள்ளவை) வேண்டும். அவை இல்லாமல் கட்டுவது பாதியில் நின்றிருக்கும். ஓடும் பதிப்பை ‘யூநேம் -ஆர்’ என்ற கட்டளை காட்டும். அதற்குரிய ஹெடர்களை நிறுவி, கெஸ்ட் அடிஷன்ஸின் செட்டப்பை மீண்டும் ஓட்டி, ரீபூட் செய்தால் போதும். 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் இந்த மாட்யூல் கெர்னல் மூலநிரலிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சேர்த்துக் கட்டுவதா வேண்டாமா என்பது உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகத்தைத் தருபவர் விருப்பம்.

மாணவர் இதற்குள் இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்து நிறுவிவிட்டாராம். ஆயுத பூஜைக்கு மானிட்டரில் சந்தனம் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. பிழைச் செய்தியைப் படிக்காமல் ரீஇன்ஸ்டால் செய்வதைத்தான் மூடநம்பிக்கை என்பேன். கட்டளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் லேப் வகுப்புகளுக்கும் இதில் பங்குண்டு.

அப்புறம், ‘ப்ரோட்டகால் எரர்’ என்று வந்தால் கெர்னலை நோண்ட வேண்டாம். ஷேரின் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறோமா என்று முதலில் பார்க்கவும். மவுண்ட் ஆகியும் ‘பெர்மிஷன் டினைடு’ என்றால், உங்கள் பயனர் பெயரை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள்.